ஹாட் ராட் என்றால் என்ன? பழைய பிக்கப் டிரக் 'பறக்கும்' வண்டியாவது எப்படி?

ஒரு காலத்தில் பண்ணையில் மூட்டை ஏற்றிய பிக்கப் டிரக். இப்போது கூரை தாழ்ந்து, பின் டயர் பெருத்து, உறுமிக்கிட்டு நிற்கிறது. அமெரிக்காவில் இதுக்குப் பேர் 'ஹாட் ராட்'. எப்படி உருவாக்குறாங்க? பார்க்கலாம்.

எங்கே தொடங்கியது?

கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில்தான். மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு வண்டிகளின் மட்கார்டுகளைக் கழற்றி, எடையைக் குறைத்து இளைஞர்கள் அங்கே வேகம் பார்த்தார்கள். தெருப் பந்தயங்களும் பெருகின. அவற்றைப் பாதுகாப்பான தடத்துக்குக் கொண்டுவரவே 1951-ல் வாலி பார்க்ஸ், நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனைத் தொடங்கினார்.

ஏன் ஃபோர்டு?

1931 வரை தயாரான மாடல் ஏ வண்டிகள் லட்சக்கணக்கில் இருந்தன. 4 சிலிண்டர், வெறும் 40 குதிரைத்திறன். 1932-ல் ஃபோர்டே 65 குதிரைத்திறன் கொண்ட வி8 இன்ஜினைக் கொண்டுவந்தது. அதைப் பழைய வண்டியில் பொருத்துவது வழக்கமானது. 1955-ல் வந்த செவர்லே வி8, அந்த இடத்தையும் பிடித்தது.

என்னென்ன மாற்றுவார்கள்?

* சேஸ்: பழைய சட்டம் 'ப' வடிவில் ஒரு பக்கம் திறந்திருக்கும். புது இன்ஜினின் முறுக்கு விசையில் அது வளையும். எனவே இரும்புத் தகடு வெல்டிங் செய்து பெட்டி போல மூடுவார்கள்.

* சாப்பிங்: கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் வெட்டி, கேபினைக் குள்ளமாக்குவது.

* சேனலிங்: தரையை வெட்டி, கேபினை சேஸ் மேல் கீழிறக்கி உட்கார வைப்பது.

* பெட்ரோல் டேங்க்: மாடல் ஏ-வில் இது ஓட்டுநருக்கு நேர் முன்னால், டேஷ்போர்டை ஒட்டியே இருக்கும். மோதினால் ஆபத்து. பலர் இதைப் பின்பக்கம் மாற்றிடுவாங்க.

உண்மையான சவால்

வேகம் கூட்டுறது அல்ல, நிறுத்துறதுதான். மாடல் ஏ பிரேக்குகள் இரும்புக் கம்பிகளால் இழுபடுபவை. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939 மாடலில்தான். பிக்கப்பில் இன்னொரு சிக்கல்: பின்தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் எடை குறைவு. சடன் பிரேக் போட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலலாம். அதனால் முன்னால் டிஸ்க் பிரேக் வைத்து, பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க தனி வால்வு பொருத்துகிறார்கள்.

பெயின்டும் குரோமும் கண்ணுக்குத் தெரியும். ஆனா, உயிரைக் காப்பாத்துறது வெளியே தெரியாத அந்த பிரேக்கும் வெல்டிங்கும்தான்.