புகையிரதமும் யூக்கலிப்டசும்

பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ மாநிலத்திலே கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருகக் காடுகள் அருகின. கோப்பி மூட்டைகளைச் சுமந்த புகையிரதங்களும் விறகை எரித்தே ஓடின. எஞ்சியுள்ள காடும் அழிந்துவிட்டால் விறகுக்கு எங்கே போவது என்ற கவலை பவுலிஸ்தாப் புகையிரதக் கம்பனியாரைப் பற்றிக்கொண்டது.

போர்த்துக்கலின் கொயிம்பிரா நகரில் விவசாயக் கல்வி பயின்று திரும்பியிருந்த எட்மண்டோ நவாரோ டி ஆந்திராதே என்னும் இளைஞரிடம் அவர்கள் இப்பணியை ஒப்படைத்தனர். 1904இல் அவர் ஜுண்டியாய் என்னுமிடத்தில் நாட்டு மரங்களையும் யூக்கலிப்டசையும் அருகருகே நட்டு ஒப்புநோக்கினார். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மரமே விரைந்து வளர்ந்தது. பின்னர் அவர் அவுஸ்திரேலியாவுக்கே சென்று பல இனங்களின் விதைகளைத் திரட்டி வந்தார். 1916இல் றியோ கிளாறோவில் இம்மரத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அமைந்தது. ஒரு விறகு மரத்துக்கு இத்தகைய சிறப்புக் கிட்டுவது அரிதே.

1941இல் நவாரோ மறைந்தார். நீராவி எஞ்சின்கள் ஒழிந்த பின்னும் மரம் நிலைத்தது. இரும்பு உருக்கும் கரியாகவும் கடதாசிக் கூழாகவும் பயன்படலாயிற்று. இன்று அங்கே ஏறத்தாழ 7 ஆண்டிலேயே மரம் வெட்டப்படுகிறது. ஒரு ஹெக்டேரில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 35 கன மீற்றர் அளவில் மரம் விளைகிறது.

இத்துணை விளைச்சலுக்கு மண் கொடுப்பது என்ன? மரத்தின் எடையிற் பெரும்பங்கு தண்டுக் கட்டையே. ஆயினும் அதன் எடைக்கேற்பப் பார்த்தால் அதிலுள்ள சத்துக்கள் சொற்பமே. எடையிற் குறைந்த இலைகளில் நைதரசனும் பொசுபரசும் செறிந்துள்ளன. பட்டையிலே கல்சியம் மிகுந்துள்ளது. இலை உதிருமுன் அதிலுள்ள பொசுபரசில் ஒரு பகுதியை மரம் மீட்டுக்கொள்கிறது. பொசுபரசு குறைந்த அவுஸ்திரேலிய மண்ணில் தோன்றிய மரத்துக்கு இச்சிக்கனம் இயல்பாயிற்று. ஆகவே மண்ணை வறிதாக்கும் மரம் என்று இதனைப் பழிப்போர், வெட்டும் முறையையும் சற்றே நோக்குதல் வேண்டும். பட்டையோடு தண்டைக் கொண்டுசென்றால் கல்சியமும் உடன்செல்லும். இலையையும் கிளையையும் எரித்தால் நைதரசனிற் பெரும்பங்கு புகையோடு போய்விடும். இளமரத்தில் பட்டையின் விகிதம் அதிகமாதலால், விரைவில் வெட்டுந்தோறும் இழப்பும் மிகும்.

பிரேசிலில் நெடுங்காலம் அவ்வாறே எரித்து வந்தனர். 1980களின் இறுதியிலிருந்து அவ்வழக்கம் குறைந்து, இலையும் கிளையும், பல இடங்களிற் பட்டையும், நிலத்திலேயே விடப்படலாயின. எனினும் கட்டையோடு வெளியேறும் பொற்றாசியத்தைப் பசளையிட்டே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. பிரேசிலில் இடப்படும் பொற்றாசியப் பசளையிற் பெரும்பங்கோ பிற நாடுகளிலிருந்து கப்பலில் வந்திறங்குவதாகும்.