பருகுவனவும் உணவே

உணவை உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என நான்காகப் பகுத்தல் நம் மரபு. இப்பகுப்பில் சோற்றுக்கு உள்ள இடம் பாலுக்கும் பானகத்துக்கும் உண்டு. இன்றோ, காலை முதல் என்ன உண்டோம் என்று எண்ணத் தொடங்கினால் இட்டலியும் தோசையும் நினைவுக்கு வருகின்றன. இடையில் குடித்த ஒரு புட்டிக் குளிர்பானம் கணக்கில் ஏறுவதில்லை. ஆனால் உடல் அதனை மறப்பதில்லை. இம்மறதியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

கரும்பு நமக்குப் புதிதன்று. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்த செய்தியைப் புறநானூற்றின் 99ஆம் பாடல் குறிக்கிறது. எனினும் இனிப்புநீர் அன்றாடப் பொருளாக இருந்ததில்லை. பானகம் திருவிழாவுக்கு உரியதாகவே இருந்தது. குமிழிநீரின் கதையோ ஐரோப்பாவில் தொடங்குகிறது. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மது வடிக்கும் தொட்டியின் மேலெழுந்த வாயுவை நீரில் கலந்தார் ஜோசப் பிரீஸ்ட்லி. 1783இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் அதனை விற்பனைப் பொருளாக்கினார். அன்று அது மருந்து நீராகவே மதிக்கப்பட்டது. 1872இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் உருவாக்கிய, கழுத்தில் கண்ணாடிக் குண்டு அடைத்த புட்டியே நம்மூர்க் கோலி சோடாவின் புட்டி.

1886இல் அட்லாண்டா நகரின் மருந்தாளர் ஜான் பெம்பர்டன் கோகோ கோலாவை ஆக்கினார். விலை 5 சென்ட். 1915இல் வடிவமைக்கப்பட்ட அதன் புகழ்பெற்ற புட்டி கொண்டது ஆறரை அவுன்ஸ், அதாவது 192 மில்லிலிட்டர் அளவே. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில், பெப்சி அதே 5 சென்ட்டுக்கு 12 அவுன்ஸ் தந்தது. அளவே விளம்பரமாயிற்று. 1955இல் கோகோ கோலாவும் பெரிய புட்டிகளுக்கு மாறியது. 1970களில் சோளத்திலிருந்து எடுத்த மலிவான இனிப்புப்பாகு சர்க்கரையின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிற்று. கூடுதலாக ஊற்றும் பானத்தால் விற்பவருக்குச் செலவு அதிகமில்லை. வாங்குபவருக்கோ அது ஆதாயமாகத் தோன்றியது. 1980இல் செவன் இலெவன் கடைகள் 32 அவுன்ஸ் கோப்பையை அமெரிக்கா முழுவதும் பரப்பின. ஒரு மனித வாழ்நாளுக்குள் கோப்பை ஏறத்தாழ ஐந்து மடங்கு பெருத்தது. மனித இரைப்பை அவ்வாறு பெருக்கவில்லை. 355 மில்லிலிட்டர் கோலாவில் மட்டும் 39 கிராம் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ பத்துத் தேக்கரண்டி உள்ளது என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அத்தனை இனிப்பு உட்சென்றபின் பசி அடங்க வேண்டுமே என்று வினவலாம். 2000ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர் இதனைச் சோதித்தனர். 15 பேருக்கு நாள்தோறும் 450 கலோரி இனிப்பு, நான்கு வாரம் மிட்டாயாகவும் நான்கு வாரம் பானமாகவும் தரப்பட்டது. மிட்டாய் தின்ற நாள்களில் அவர்கள் பிற உணவைத் தாமாகவே குறைத்துக்கொண்டனர். பானம் பருகிய நாள்களில் குறைக்கவில்லை, எடை ஏறிற்று. மென்று தின்பதற்குப் பசி இடம் விட்டுக்கொடுக்கிறது. பருகுவதற்கு அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2012இல் வெளிவந்த ஆய்வு இன்னும் தெளிவானது. 641 சிறுவர்க்கு 18 மாதம் நாள்தோறும் 250 மில்லிலிட்டர் பானம் அளிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்குச் சர்க்கரை கலந்தது. மற்றோருக்குச் சர்க்கரையற்ற, அதே சுவையுள்ள பானம். எவருக்கு எது என்று சிறுவர் அறியார். வளரும் பருவமாதலின் இரு சாராரும் எடை கூடினர். ஆயினும் சர்க்கரை பருகியோர் சராசரியாக 7.37 கிலோவும், மற்றோர் 6.35 கிலோவும் கூடினர். அவ்விரு குழுவினரின் மனவுறுதியில் வேறுபாடு இல்லை. குவளையில்தான் வேறுபாடு இருந்தது.

ஆகவே சில அரசுகள் குவளையையே நோக்கின. 2014 சனவரியில் மெக்சிகோ, லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. 2018இல் பிரிட்டன் சர்க்கரையின் அளவிற்கேற்ப வரி அமைத்தது. வரிக்கு அஞ்சிப் பல நிறுவனங்கள் முன்கூட்டியே சர்க்கரையைக் குறைத்தன. கோப்பையின் அளவை 16 அவுன்சுக்குள் அடக்க 2012இல் நியூயார்க் நகரம் முயன்றது. நீதிமன்றம் 2014இல் அதனை முடிவாகத் தள்ளிற்று.

பருத்த பிள்ளையைப் பெருந்தீனிக்காரன் என்று வகுப்பறையிலும் திரைப்படத்திலும் எள்ளி நகைப்பது நம்மிடையே உண்டு. உடற்பருமனுக்குக் காரணங்கள் பல. பானம் அவற்றுள் ஒன்றே. எனினும் அப்பிள்ளையின் கையில் இரண்டு லிட்டர் புட்டியை வைத்தது அவனது பேராசை அன்று, நூறாண்டு வாணிகம். விருந்தினர் வந்தால் குளிர்பானம் வாங்கி வர அவனைக் கடைக்கு அனுப்புவோரும் நாமே. நகையாடுவதை விடுத்து, வீட்டில் நீர்மோரும் தண்ணீரும் எளிதில் கிட்டச் செய்வோமாயின் அது அவனுக்கு நாம் செய்யும் நீதியாகும்.