வீடும் வழியும்: கல்முனைக் கரையோரத்துப் பாதுகாப்பு மரபு பற்றிய ஒரு நோக்கு

கிழக்கிலங்கையின் வரலாற்றை ஆராய்ந்தோர் கோயில், பள்ளிவாசல், குடிவழி, நிலவுடைமை என்பன பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். காற்றுக்கும் மழைக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சாதாரண குடும்பம் தன்னை எவ்வாறு காத்துக்கொண்டது என்னும் வினா அத்துணைக் கவனிப்பைப் பெற்றிலது. வீட்டைக் காப்பதும் வழிப்பயணத்தில் எச்சரிக்கையாயிருப்பதும் அன்றாட அலுவல்களெனக் கருதப்பட்டமையே இதற்குக் காரணமாகலாம். ஆயின் ஒரு சமூகம் எதனை ஆபத்து எனக் கொண்டது, எதனை அரண் என நம்பிற்று என்பதை அறிய இவ்வலுவல்களைப் போன்ற சான்றுகள் வேறில்லை.

நற்பிட்டிமுனை இவ்வாராய்ச்சிக்கு வாய்ப்பான ஊர். பழைய கரைவாகுப்பற்றைச் சேர்ந்த இவ்வூர், கல்முனை நகருக்கு மேற்கே, கடற்கரையை விட்டு உள்ளொதுங்கிக் கிடப்பது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்வது. கிழக்கே கடல், மேற்கே வயலும் நீர்நிலையும். இவ்விரு நீர்களுக்குமிடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மேட்டுநிலத்திலேயே இப்பகுதியின் குடியிருப்புகள் யாவும் நெருங்கியுள்ளன.

இக்கரையோரத்தில் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு முதற்பொருள் வீடு என்பதாகும். இரு சமூகத்தாரிடையேயும் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வழங்கப்படுகின்றது. மணமகன் பெண் வீட்டிற்கு வந்து வாழ்கின்றான். இதனால் தாயின் வளவிலோ அதன் அயலிலோ பெண் மக்களின் வீடுகள் ஒன்றையொன்று தொட்டு அமைந்தன. கணவன் வயல் வாடியில் பல நாள் தங்கினாலும், கடலுக்குச் சென்றாலும், மனைவியும் மக்களும் தாயையும் சகோதரிகளையும் சூழவே இருந்தனர். சீதன முறையின் தீமைகளை எடுத்துரைப்போர் அதன் இக்காவற் பயனை மறந்துவிடுதல் கூடாது. இடர் வந்தால் வீட்டுக்கு வா, வீட்டைவிட்டு வெளியேறாதே என்பதே இவ்வமைப்பின் எழுதாச் சட்டம் எனலாம்.

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி இச்சட்டத்தைத் திருத்தியதேயன்றி மாற்றவில்லை. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அப்பேரிடரில் மண்சுவரும் கிடுகுக் கூரையும் நில்லா என்பது தெளிவாயிற்று. தென்னந்தோட்டங்கள் அடியோடு வீழ்ந்தன. உறுதியான சுவரை நாடு என்பதே மக்கள் அதனின்று பெற்ற படிப்பினை. கல்வீடு செல்வத்தின் அடையாளம் மட்டுமன்றி அரணுமாயிற்று. காற்றைப் பொறுத்தவரை இப்படிப்பினை பிழையன்று.

கடலைப் பொறுத்தவரை அது பிழையாயிற்று. இத்தனைக்கும் கடல் முன்னொருகால் எச்சரித்தேயிருந்தது. 1883 ஆகஸ்ட் 27இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இலங்கையை எட்டியது. பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள பாணமையில் ஒரு பெண் உயிரிழந்ததாகப் பதிவுண்டு. அம்பாறைக் கரையிலேயே நிகழ்ந்த அச்சாவு, அடுத்து வந்த 121 ஆண்டுகளில் எவருடைய முன்னெச்சரிக்கையிலும் இடம்பெறவில்லை. ஆண்டுதோறும் வரும் மாரியை மனம் மறப்பதில்லை. நூற்றாண்டுக்கு ஒருமுறை வருவதைப் பேணிவைக்க ஏடு வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராக் கரையில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஆழிப்பேரலை கல்முனைக் கரையை அடைந்தது. கடல் முதலில் உள்வாங்கும், அதனைக் கண்டு ஓடலாம் என்று இன்று பலரும் கூறுவர். தாய்லாந்துக் கரையில் அவ்வாறே நிகழ்ந்தது. இலங்கையின் கிழக்குக் கரையிலோ நீர் முதலில் ஏறியே வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் எம்மாவட்டத்திலும் இத்துணை இழப்பில்லை. பின்னர் இம்மாவட்டத்து அகதி முகாம்களில் நடாத்தப்பெற்ற ஆய்வொன்று இங்கு முக்கியமானது. பெண்களின் இறப்பு வீதம் ஆண்களினதைப் போல் இரு மடங்குக்கும் மேலாயிருந்தது. குழந்தைகளும் முதியோரும் மிகுதியாக மாண்டனர். அலை வந்த வேளை கட்டடத்தினுள் இருந்தமை இறப்புக்கு ஏதுவான காரணங்களுள் ஒன்றாகக் காணப்பட்டது. கம்பியிடாத கற்சுவர் காற்றைத் தாங்கிற்று, நீரின் உந்துதலைத் தாங்கவில்லை. தாயும் பெண் மக்களும் அருகருகே வாழ்ந்த வளவுகளில் ஒரு குடும்பத்தின் பெண்வழி முழுவதும் ஒரே வேளையில் அழிய நேர்ந்தது. காவலாயிருந்த அமைப்பே அன்று கண்ணியாயிற்று.

வழிப்பயணத்திலும் இந்நம்பிக்கையின் சாயலைக் காணலாம். அதே நாளில் தென்மேற்குக் கரையிலுள்ள பெரலியவில், முதல் அலை கண்டு அஞ்சிய ஊரவர் நின்றிருந்த புகையிரதத்தினுள் ஏறியும் அதன் மறைவில் ஒதுங்கியும் தஞ்சம் புகுந்தனர். அடுத்த பேரலை அதனைப் புரட்டிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை அழிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்திருந்தும் அச்செய்தி அவ்வண்டியை எட்டவில்லை. கல்முனையிலோ பெருவீதி கடலுக்குச் சமாந்தரமாக ஓடுவது. அதன் வழியே ஓடியவர் கடலைவிட்டு அகன்றவரல்லர். மேற்கே நற்பிட்டிமுனை போன்ற ஊர்களை நோக்கிச் செல்லும் குறுக்கு வீதிகளே உயிர்வழிகள்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின் இந்நிலை ஓரளவு மாறிற்று. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம் நிகழ்ந்து எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கரையோர மக்கள் வீடுகளை விட்டு உள்நாடு நோக்கிச் சென்றனர். பேரலை வரவில்லை. ஆயினும், வீட்டைவிட்டு வெளியேறுதலும் காவலே என்பதை இக்கரை கற்றிருந்தது.

கடலிடம் கற்றதனை மேற்குப்புற நீரிடம் கற்கவில்லை என்றே கூறவேண்டியுள்ளது. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குச் செல்லும் வழியிலுள்ள கிட்டங்கித் தாம்போதியின் மேலாக மாரி காலத்தில் வெள்ளம் பாய்வது வழக்கம். ஆண்டுதோறும் காண்பதனால் அதன்மீது அச்சம் குறைந்துவிடுகின்றது; நேற்றுக் கடந்தோம், இன்றும் கடக்கலாம் என்பது வழிப்போக்கர் கணக்கு. உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, ஆகவே நீர் அதனை அசைக்காது என்பது மற்றொரு கணக்கு. ஓடும் நீர் சில்லளவு உயர்ந்தாலே பெட்டியை மிதக்கச் செய்து பக்கவாட்டில் தள்ளிவிடும். தாம்போதியின் ஓரம் எது என்பதும் கலங்கல் நீரில் தெரியாது. தெற்கே காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடைப்பட்ட வீதியும் இத்தகையதே. 2024 நவம்பர் 26ஆம் திகதி அவ்வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில் உழவு இயந்திரமொன்று அள்ளுண்டது. அதன் பெட்டியில் சம்மாந்துறையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த மத்ரஸா மாணவர் அறுவர் உட்பட எண்மர் மாண்டனர். அம்மாணவருக்கு விடுமுறை அளிக்கப்பட்டது சீரற்ற வானிலையின் பொருட்டேயாகும். அவர்கள் தத்தம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தனர்.