பழைய நத்தாரைத் தேடியோர்

நத்தார்த் திருநாள் அண்மிக்குந்தோறும், அந்தக்கால நத்தார் இன்று எங்கே என்னும் ஏக்கக் குரல் இங்கிலாந்திற் கேட்பது வழக்கம். வெளியே வெண்பனி, உள்ளே கணப்பைச் சூழ்ந்து பாட்டன் முதல் பேரன்வரை கூடியிருக்கும் பெருங்குடும்பம். இதுவே அவ்வேக்கம் தீட்டும் சித்திரம். அச்சித்திரம் எக்காலத்தில் உருவாயிற்று என ஆராயுமிடத்து, வியப்பான உண்மையொன்று புலனாகும்.

அவ்வேக்கம் மிகப் பழையது. 1616ஆம் ஆண்டில் பென் ஜோன்சன் அரசவைக்கு எழுதிய நாடகமொன்றில், நத்தார் ஒரு முதியவராகத் தம் பிள்ளைகளுடன் வந்து, தம்மை வாயிலில் தடுத்தல் முறையோ என வினவுகின்றார். 1647இல் பாராளுமன்றம் இத்திருநாளையே விலக்கியது. 1660இல் முடியாட்சி மீண்டபொழுது திருநாளும் மீண்டது.

எனினும், இன்று பழைமையெனப் போற்றப்படும் நத்தார் பெரிதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கமேயாகும். 1819, 1820ஆம் ஆண்டுகளிற் பகுதி பகுதியாக வெளிவந்த தம் நூலில், கிராமத்துப் பிரபு ஒருவரின் மாளிகையில் நிகழும் நத்தாரை வருணித்தவர் வாஷிங்டன் இர்விங். அவர் நியூயோர்க்கிற் பிறந்தவர். 1817இல் அன்னையை இழந்தார். 1818இல் லிவர்ப்பூலில் இருந்த குடும்ப வாணிகமும் முறிந்தது. அந்நிய மண்ணில் தனித்திருந்தவரே அப்பெருவீட்டைக் கற்பனையில் எழுப்பினார்.

அவருக்குப் பின் வந்தவர் சாள்ஸ் டிக்கன்ஸ். 1824இல் அவருடைய தந்தையார் கடனுக்காக மார்ஷல்சி சிறையில் அடைபட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ், சப்பாத்து மைத் தொழிற்சாலையிற் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார். அச்சிறுவன் வளர்ந்து எழுதிய நத்தார்க் கதை 1843 டிசம்பர் 19ஆம் நாள் வெளிவந்தது. ஐந்தே நாட்களில் ஆறாயிரம் படிகள் விற்றுத் தீர்ந்தன.

முதல் நத்தார் வாழ்த்து மடல் அச்சானதும் அதே ஆண்டிலேயாகும். 1848இல் விக்டோரியா இராணியாரின் குடும்பம் நத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் பத்திரிகையில் வெளிவர, ஜெர்மானிய வழக்கமான அம்மரம் ஆங்கில இல்லங்களிற் பரவியது.

இவற்றை மக்கள் ஆவலுடன் ஏற்றதற்குக் காரணம் உண்டு. 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சரிபாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாயிருந்தனர். தொழில் தேடிக் கிராமத்தை விட்டுவந்தவர்க்கு, விட்டுவந்த வீடே நினைவில் அழகுபெற்றது.

இர்விங்கின் நத்தார் பிரபுவின் மண்டபத்தில் நிகழ்வது. டிக்கன்ஸோ அதனை ஏழை எழுதுவினைஞன் ஒருவனின் சிறு வீட்டிற்குக் கொண்டுவந்தார். அங்கே வாத்திறைச்சி சிறிது, உண்போர் பலர். ஆயினும் எவரும் குறைகூறவில்லை. நோயுற்ற கடைக்குட்டியின் இருக்கை அடுத்த ஆண்டு வெறுமையாகிவிடுமோ என்னும் அச்சமே அக்கதையின் உயிர்நாடி. பழைய நத்தாரைத் தேடியோர் தேடியது மாளிகையையன்று. ஒருவரும் குறையாத அந்தப் பந்தியையே.