ஒரே பெயரில் மூன்று கொடிகள்: வரலாற்றுப் படங்களுக்குக் குறிச்சொல் எழுதும் முறை

வரலாற்றுப் பாடத்துக்குப் படம் சேர்க்காத ஆசிரியர் இப்போது குறைவு. தேடும்போது கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிச்சொல் போட்டு வைக்கிறோம். ரயில், துறைமுகம், ரப்பர் தோட்டம் என்றால் பிரச்சினை இல்லை. கொடி வந்தால்தான் கை தயங்கும். இது யாருடைய கொடி, தேசியக் கொடியா இல்லையா என்று எழுதும்போதே ஒரு வரலாற்றுத் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் சர்ச்சையே இல்லாத ஒரு கொடியைப் பார்ப்போம். 1957 ஆகஸ்டு 31 அன்று மெர்டேக்கா அரங்கில் ஏறிய கொடியில் 11 கோடுகள். நட்சத்திரத்துக்கும் 11 முனைகள். 1963இல் மலேசியா உருவானபோது இரண்டும் 14 ஆயின. ‘ஜாலூர் கெமிலாங்’ என்ற பெயர் 1997இல்தான் சூட்டப்பட்டது. 1957ஆம் ஆண்டுப் படத்துக்கு அந்தப் பெயரைப் போட்டால், வடிவமும் பொருந்தாது, காலமும் பொருந்தாது. நம் சொந்தக் கொடிக்கே ஆண்டு தேவைப்படுகிறது என்றால், பிறர் ஏற்றும் மறுத்தும் வந்த கொடிகளுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

இப்போது ‘புலிக்கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று கொடிகள் இருக்கின்றன.

ஒன்று, சோழர் கொடி. 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்த இராஜேந்திர சோழன் பாடத்தில் இது வரும். சோழரின் புலிச் சின்னத்தைச் செப்பேட்டு முத்திரைகளில் இன்றும் பார்க்கலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் ‘சோழர் கொடி’ப் படங்கள் இந்தக் காலத்தவர் வரைந்தவை. குறிச்சொல்லில் ‘தற்கால ஓவியம்’ என்று சேர்க்காவிட்டால், மாணவன் அதை மூல ஆதாரம் என்று நினைத்துவிடுவான்.

இரண்டு, ‘ஆசாத் ஹிந்த்’ என்று எழுதி, பாயும் புலி வரைந்த மூவண்ணக் கொடி. இது ஜெர்மனியில் நேதாஜி அமைத்த இந்தியப் படைப்பிரிவோடு சேர்ந்தது. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் அவர் அறிவித்த தற்காலிக அரசு பயன்படுத்தியதோ ராட்டை பொறித்த மூவண்ணக் கொடி. 1944 ஏப்ரல் 14 அன்று மணிப்பூரின் மொய்ராங்கில் ஏறியது புலிக்கொடி என்று பல நூல்கள் எழுதுகின்றன. ஆகவே இந்திய தேசிய இராணுவம் என்றாலே புலிக்கொடி என்று போட்டுவிட முடியாது. படத்தில் இருப்பது ராட்டையா, புலியா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மூன்று, விடுதலைப் புலிகளின் கொடி. அந்த இயக்கம் இதை 1990இல் தமிழீழத் தேசியக் கொடியாக அறிவித்தது. தமிழீழத்தை எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. மலேசிய உள்துறை அமைச்சு 2014இல் அந்த இயக்கத்தைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. 2019 அக்டோபரில், அதனோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் 12 பேர் கைதானார்கள்; 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அந்த வழக்குகளைக் கைவிட்டார். இப்படிப்பட்ட சூழலில், நேதாஜி படமும் இந்தப் படமும் ஒரே ‘புலிக்கொடி’ குறிச்சொல்லில் கிடந்தால் என்ன ஆகும்? தேடும் மாணவன் குழம்புவான். அதை அச்சடித்து வகுப்பில் ஒட்டும் ஆசிரியரும் தேவையில்லாத கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

கணினியே குறிச்சொல் போடட்டும் என்று விட்டுவிடலாமா? கைப்பேசியில் வரும் நாட்டுக் கொடிகள் பெரும்பாலும் அனைத்துலகத் தர அமைப்பின் நாட்டுக் குறியீட்டுப் பட்டியலை ஒட்டியவை. அந்தப் பட்டியல் தைவானைச் சீனாவின் ஒரு மாநிலம் என்று குறிக்கிறது. ஆனாலும் தைவானுக்குத் தனிக் குறியீடும் உண்டு, கொடியும் உண்டு. பாலஸ்தீனத்துக்கும் உண்டு. மறைந்துபோன அரசுகளுக்கு அதில் இடமில்லை. ஆகவே ராட்டைக் கொடியைப் பார்க்கும் கருவி, நிறத்தை வைத்து ‘இந்தியா’ என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். இந்தியா தன் தேசியக் கொடியை ஏற்றதோ 1947 ஜூலை 22இல். அதில் இருப்பது ராட்டை அல்ல, அசோகச் சக்கரம்.

இதில் நமக்கு நேரடி இழப்பு இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் இருந்த கோலாலம்பூர் ஜானகி தேவரை நம் மாணவர்கள் தெரிந்திருக்க வேண்டும். பண்டமாரானிலோ கிள்ளானிலோ ஒரு குடும்ப ஆல்பத்தில் ராட்டைக் கொடியோடு ஒரு படம் இருந்தால், அது 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தக் காலத்ததா, 1943க்குப் பிந்தியதா என்பது முக்கியம். முன்னதில் அது காங்கிரசின் கொடி. பின்னதில் ஓர் அரசின் கொடி. வெறும் ‘இந்தியக் கொடி’ என்று போட்டால் மலாயாத் தமிழர் அந்தப் படத்திலிருந்து காணாமல் போய்விடுவார்கள்.

அதனால் ஒவ்வொரு கொடிப் படத்துக்கும் நான்கு வரி எழுதுவோம்:

1. கண்ணுக்குத் தெரிவது: நிறம், சின்னம், எழுத்து.
2. பயன்படுத்தியவர்: அரசா, கட்சியா, படையா, இயக்கமா?
3. இடமும் ஆண்டும்.
4. தேசியக் கொடி என்று சொன்னவர் யார்? ஏற்றவர் யார், மறுத்தவர் யார்?

நான்காவது வரிதான் சர்ச்சைக்கு மருந்து. ‘தேசியக் கொடி’ என்ற பட்டத்தை நாமாகக் கொடுக்கவும் வேண்டாம், பறிக்கவும் வேண்டாம். தற்காலிக அரசை ஜப்பானும் ஜெர்மனியும் அவற்றின் நேச அரசுகளும் ஏற்றன; பிரிட்டன் ஏற்கவில்லை. இப்படி எழுதிவிட்டால் போதும். ஒரு கொடியை விவரிப்பது அதை ஆதரிப்பதாகாது என்பதை மாணவர்களுக்கும் சொல்லிவிடலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் இதே ஒழுங்குதான். எஸ்.பி.எம். விடையை மலாயில் எழுதினாலும், படம் வந்தவுடனே நாட்டின் பெயரை எழுத அவசரப்படாதீர்கள். சின்னத்தைப் பாருங்கள், ஆண்டைத் தேடுங்கள், பிறகு பெயர் சொல்லுங்கள். ஆசிரியர்கள் அடுத்த வாரமே பயிற்சியாக 11 முனை நட்சத்திரக் கொடி ஒன்று, ராட்டைக் கொடி ஒன்று கொடுத்து, நான்கு வரியும் எழுதச் சொல்லிப் பாருங்கள்.