எட்டு லைற்றும் எரிந்தது

போன செமெஸ்டர் எங்கட விடுதி வாசிப்பறைக்கு நெட்வேர்க் வயர் இழுத்தார்கள். வேலை முடிய, வந்த அண்ணா வயரின் இரண்டு முனையிலும் சின்னப் பெட்டி ஒன்றைக் கொழுவிக் காட்டினார். ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை லைற் வரிசையாக எரிந்தது. "பாருங்கோ தம்பி, எட்டும் எரியுது. வயரில பிழை இல்லை." அன்றிரவு ஒரு பிடிஎப் இறங்கக் கால் மணித்தியாலம் எடுத்தது. அடுத்த நாள் சூமில் பிரசென்டேஷன் செய்த பிள்ளை பாதியில் காணாமல் போனாள். அதுக்குப் புள்ளி.

அண்ணா பொய் சொல்லவில்லை. அந்தப் பெட்டியிடம் ஒரேயொரு கேள்விதான் இருக்கு: இந்த முனையில் விட்ட மின்சாரம் அந்த முனைக்கு வருதா? வருது. ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்ட கேள்வி வேறு. நான் வரலாறு படிக்கிறவன், வயர் பற்றி ஒன்றும் தெரியாது. தேடி வாசிக்கப்போய் 1858இல் போய் நின்றேன். இதே சண்டையை அப்பவே பிடித்திருக்கிறார்கள், அத்லாந்திக் கடலுக்கு அடியில்.

அயர்லாந்தின் வலென்சியாவையும் நியூபவுண்ட்லாந்தையும் கேபிளால் இணைக்கிற திட்டம் அது. கம்பனியின் மின்பொறுப்பாளர் வைல்ட்மன் வைற்ஹவுஸ், தொழிலால் சத்திரசிகிச்சை வைத்தியர். இயக்குநர்களில் ஒருவர் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். கடலடிக் கேபிள் வெறும் கம்பி அல்ல. செப்பைச் சுற்றி கட்டாபேர்ச்சா என்ற மரப்பால் உறை, அதற்கு வெளியே கடல்நீர். அது மின்னேற்றத்தை உள்ளே பிடித்து வைக்கும், சமிக்ஞை இழுபட்டு மங்கும். நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று தொம்சன் கணக்குப் போட்டார். அதனால் தடித்த செப்பு வேண்டும், குறைந்த மின்சாரம் போதும், ஆனால் மறுமுனையில் மிக நுட்பமான கருவி இருக்கவேண்டும் என்றார். வைற்ஹவுஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பலமாகத் தள்ளினால் போகும் என்பது அவருடைய நம்பிக்கை. கம்பனி அவர் பக்கம் நின்றது.

தொம்சனின் கருவி பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி. கம்பிச் சுருளுக்குள் பட்டுநூலில் தொங்குகிற குட்டிக் கண்ணாடி, முதுகில் ஒட்டிய காந்தம். மின்சாரம் வந்தால் கண்ணாடி ஒரு மயிரளவு திரும்பும். விளக்கொளி அதில் பட்டுத் தெறித்து, தூரத்திலுள்ள அளவுகோலில் புள்ளியாக நகரும்.

1858 ஆகஸ்ட் 5ஆம் திகதி இரண்டு கரையும் இணைந்தன. அன்றைய அளவில் அதுவும் எட்டு லைற் எரிந்த மாதிரித்தான், ஊரெல்லாம் கொண்டாட்டம். விக்ரோறியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 சொற்கள் போய்ச்சேர 16 மணித்தியாலம் பிடித்தது. வைற்ஹவுஸ் ஐந்தடி நீளத் தூண்டற் சுருள்களால் ஏறக்குறைய 2000 வோல்ட் ஏற்றியிருந்தார். செப்டெம்பர் தொடக்கத்திலேயே கேபிள் பயன்படாமல் போய்விட்டது.

பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. அது முற்றிலும் நியாயம் என்று எனக்குப் படவில்லை. அந்தக் கேபிள் கடலில் இறங்குமுன்னரே நோயாளி. செய்து முடித்து வெயிலில் போட்டதில் கட்டாபேர்ச்சா உருகி, சில இடங்களில் செப்பு நடுவை விட்டு விலகியிருந்தது. செப்பும் ஒரே தரமில்லை. கம்பிக்குக் கம்பி மின்சாரம் கடத்துகிற திறன் பெரிதும் வேறுபடுவதை 1857இலேயே தொம்சன் அளந்து சொல்லியிருந்தார். உயர் வோல்ட் பலவீனமான இடத்தைத்தான் தேடிப்பிடித்து எரித்தது.

பிறகு விசாரணைக் குழு, 1861இல் அறிக்கை. அதே ஆண்டு மின்தடைக்குப் பொது அலகு தேட பிரித்தானிய அறிவியல் சங்கம் குழு ஒன்று அமைத்தது. யோசித்துப் பாருங்கள், இன்று ஓ.எல். சோதனைக்குப் பாடமாக்குகிற ஓம் அப்போது நிலையான அலகாக இருக்கவில்லை. ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை.

அடுத்த கேபிளுக்குச் செப்பு சோதித்தே வாங்கப்பட்டது. உறையிட்ட கம்பியைத் தண்ணீருக்குள் வைத்து அளந்தார்கள். ஊசித்துளை இருந்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். 1865இல் கிரேட் ஈஸ்டேர்ன் கப்பல் கேபிளை இறக்கிக்கொண்டு போகையில், ஒளிப்புள்ளி திடீரென அளவுகோலை விட்டே ஓடியது. இறக்கியதில் பல மைல்களைத் திரும்ப இழுத்தார்கள். உறையைக் குத்திக்கொண்டு நின்றது ஒரு துண்டுக் கம்பி. அந்த ஆண்டு கேபிள் அறுந்தாலும் 1866இல் வேலை வெற்றி.

1880இல் ஒலிவர் ஹெவிசைட், ஒரு முன்னாள் தந்தி ஊழியர், கோஅக்சியல் கேபிளுக்குக் காப்புரிமை பெற்றார். அங்கேயும் அதே கதை. டிவி கேபிளில் 75 ஓம் என்று எழுதியிருப்பதை மல்டிமீற்றரால் அளக்கமுடியாது. அது கம்பியின் தடை அல்ல, ஓடுகிற அலைக்குக் கேபிள் காட்டும் குணம். மல்டிமீற்றர் அறுந்ததா, நடுக்கம்பி வெளிவலையில் முட்டுதா என்று மட்டும் சொல்லும். நசிந்த இடத்தைப் பிடிக்கத் துடிப்பொன்றை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிற மீற்றர் வேண்டும். அது விலை. வயர் இழுக்கிறவருக்குக் கிடைக்கிற கூலியில் பச்சை லைற் பெட்டிதான் கட்டுப்படியாகும்.

எங்கட வாசிப்பறைப் பிழையைப் பிடித்தது மீற்றரே இல்லை. தொழில்நுட்ப பீடத்து அண்ணா ஒருவர் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து நிறங்களைப் பார்த்தார். சோடி சோடியாக வரிசையில் 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடித்திருந்தார்கள், இரண்டு முனையிலும் அப்படியே. மூன்றும் ஆறும் ஒன்றாக முறுக்கிய சோடியாக இருக்கவேணும். அவை வேறு வேறு சோடிக்குப் போனதால் ஒரு சோடியின் சமிக்ஞை மற்றதில் கசிந்தது. மின்சாரம் மட்டும் குறையில்லாமல் போய் வந்தது.

வயர் இழுத்த அண்ணாவைத் திரும்பக் கூப்பிட்டோம். முகம் சுழிக்காமல் இரண்டு தலையையும் வெட்டிப் புதிதாக அடித்தார். பிரவுசரில் பக்கங்கள் படபடவென்று திறந்தன. போகமுன் பழக்கதோசத்தில் தன் பெட்டியைக் கொழுவிப் பார்த்தார். முன்னைப் போலவே எட்டும் எரிந்தது.