211-உம் 220045-உம்: மருத்துவத் தரவுக் கிடங்கில் ஓர் எழுத்தமைதிச் சான்று

மருத்துவத் தரவுக் கிடங்கைப் பற்றிய பேச்சு பில் இன்மன் 1992-இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். கிடங்குக்கு அவர் வகுத்த நான்கு இலக்கணங்களில் ‘ஒருங்கிணைப்பு’ என்பதற்கு அவர் தரும் விளக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆண், பெண் என்பதை ஒரு மென்பொருள் ‘எம், எஃப்’ என்றும், இன்னொன்று ‘1, 0’ என்றும் பதிந்திருந்தால், கிடங்கின் வாசலிலேயே இரண்டையும் ஒரே குறியாக்கிவிட வேண்டும் என்கிறார். வங்கிக்கு இது சரி. மருத்துவமனையிலோ, எந்த மென்பொருளில், எந்த முறையில் பதிந்தார்கள் என்ற செய்தியும் குறியீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாசலில் அழித்துவிட்டால் பிறகு அது கிடைக்காது.

பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பதிவுகளிலிருந்து எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் உருவாக்கி 2016-இல் விவரித்த மிமிக்-3 தொகுப்பைப் பாருங்கள். அதில் இதயத் துடிப்புக்கு 211 என்று ஓர் எண். 220045 என்று இன்னோர் எண். முன்னது கேர்வியூ என்ற பழைய மென்பொருளின் எண். பின்னது 2008-இல் அதன் இடத்துக்கு வந்த மெட்டாவிஷனின் எண். ஒரே அட்டவணையில் சேர்த்த பிறகும் இரண்டும் அப்படியே நிற்கின்றன. சிரைவழி ஏற்றிய திரவக் கணக்கையோ ஒரே அட்டவணைக்குள் கொண்டுவரவே இல்லை. கேர்வியூ ஒரு நேரப்புள்ளியில் அளவைக் குறித்தது. மெட்டாவிஷன் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் குறித்தது. எனவே அவை இரு தனி அட்டவணைகளாகவே உள்ளன.

இந்த இரட்டை எண்ணின் அருமை காலக்கணிப்பில் தெரிகிறது. நோயாளியின் அடையாளத்தை மறைப்பதற்காக, ஒவ்வொருவருடைய தேதிகளையும் அவரவருக்கென்று ஒரே இடைவெளியில் நகர்த்தி 2100-க்கும் 2200-க்கும் இடையில் வைத்திருக்கிறார்கள். கிழமையும் ஏறத்தாழப் பருவமும் மாறவில்லை, ஆண்டு போய்விட்டது. 89 வயதைக் கடந்தவர்கள் 300 வயதுக்காரர்களாகத் தெரிவார்கள். ஆண்டு குறிக்காத கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதியால் கணிப்பதுபோல, இங்கே 211 இருந்தால் 2001-க்கும் 2008-க்கும் இடைப்பட்டது, 220045 இருந்தால் 2008-க்கும் 2012-க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். இன்மன் சொன்னபடி துடிப்புக்கு ஒரே எண் கொடுத்திருந்தால் துடிப்பு வரிசையில் இந்தச் சான்றே இருந்திருக்காது.

மூல மென்பொருளைக் குறிக்கும் நெடுவரிசையில் சில தீவிர சிகிச்சைத் தங்கல்களுக்கு ‘இரண்டும்’ என்றே எழுதியிருக்கிறது. அவற்றை மாற்றம் நடந்த நாட்களில் படுக்கையில் இருந்தவர்களின் பதிவுகளாக வாசிக்கிறேன். என் வாதத்தில் மெலிந்த கண்ணி இதுதான். ஆனாலும் இரு மென்பொருளிலும் ஒரே தங்கல் பதிவாக இதைவிட இயல்பான காரணம் எனக்குத் தென்படவில்லை. மாற்றம் நடந்த மாதத்தை மட்டும் இந்தத் தேதிகளைக் கொண்டு நிறுவ இயலாது.

அடுத்த பதிப்பான மிமிக்-4 கேர்வியூவை விட்டுவிட்டு 2008-இலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் உண்மையான காலத்தைக் காட்டும் மூன்றாண்டு வரம்பு ஒன்றையும் தருகிறது. இழந்த காலத்தை வெளியிலிருந்து திருப்பித் தர வேண்டியிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

மருத்துவத் தரவுக்கான ஓமாப் என்ற பொதுத் தரவு மாதிரியில் பொதுக் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே மூலக் குறியீட்டுக்கும் ஒரு நெடுவரிசை உண்டு. அதை நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கிடங்கு கட்டுகிறவர்கள் அதைக் காலியாக விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.